பொரிச்சட்டி மலையில் இறங்கும் வழி

எந்தப் பாலைவனம் என்று கேட்காதீர்கள். பேரைச் சொன்னால் அடுத்த விடுமுறைக்கே மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவீர்கள். அங்கே வழி கேட்க ஆளும் கிடையாது, டீக்கடையும் கிடையாது.

தார்ச்சாலை முடிகிற இடத்தில் ஒரு கொட்டகை இருந்தது. பாதையே இல்லாத மலைகளில் நடக்கக் கற்றுக்கொள்ள வருகிறவர்கள் அங்கேதான் தங்குவார்கள். அவர்களுக்கெல்லாம் குரு வெயிலுகந்தாள். நாற்பது வயதைத் தாண்டாத பெண்மணி. அவரிடம் வெகுகாலமாக இருந்த சீடர் மாசிலாமணிக்கு அறுபது வயது, ஓய்வுபெற்ற பொறியாளர். குரு சீடரை "அண்ணாச்சி" என்பார். சீடர் குருவை "அம்மா" என்பார். இதில் இருவருக்கும் கூச்சம் இருந்ததில்லை.

சுற்றுவட்டாரத்தில் மாசிலாமணி ஏறாத மலை ஒன்றுதான் மிச்சம். பொரிச்சட்டி மலை. வெயில் ஏறினால் பாறையில் கை வைக்க முடியாது என்பதால் அந்தப் பேர்.

இதற்குள் மனிதருக்கு நாக்கு சும்மா இருக்கவில்லை. ஊருக்குப் போயிருந்தபோது நாலு பேர் நடுவில் உட்கார்ந்து, "பொரிச்சட்டி மலையா? வாங்க, நான் கூட்டிட்டுப் போறேன்" என்று சொல்லிவிட்டார். ஐந்து பேர் நிஜமாகவே அடுத்த வாரம் வருகிறார்கள். ஆனால் குரு சம்மதிக்காமல் யாரும் யாரையும் மலைக்குக் கூட்டிப் போகக் கூடாது என்பது கொட்டகையின் வழக்கம். அந்தச் சம்மதத்தை அவர் இன்னும் கேட்கவே இல்லை.

ஒரு நாள் துணிந்து கேட்டார்.

"அம்மா, நான் தனியா ஆள் கூட்டிட்டுப் போகலாமா?"

"எந்த மலைக்கு?"

"பொரிச்சட்டிக்கு."

"வழி போட்டாச்சா?"

இதற்காகவே காத்திருந்தவர்போல மாசிலாமணி வரைபடத்தை விரித்தார். கொட்டகையிலிருந்து உச்சி வரை சிவப்புப் பென்சிலில் ஒரு கோடு போயிற்று. எந்த ஓடையைத் தாண்டுவது, எந்தப் பாறையில் நிழல் கிடைக்கும், எங்கே உட்கார்ந்து தண்ணீர் குடிப்பது, எல்லாம் குறித்திருந்தார். உச்சியில் சின்னதாக ஒரு கொடியும் வரைந்திருந்தார்.

குரு கொஞ்ச நேரம் பார்த்தார்.

"கொடி நல்லாருக்கு அண்ணாச்சி. நாளைக்கு என்னைக் கூட்டிட்டுப் போங்க. நான் புதுசா வந்தவ. எனக்கு ஒண்ணும் தெரியாது."

மறுநாள் இருட்டோடு கிளம்பினார்கள். ஜீப்பை அடிவாரத்து மணலில் நிறுத்திவிட்டு நடந்தார்கள். மரத்துக்கு வேர் இறங்குகிற மாதிரி அந்த மலையிலிருந்து நாலாபக்கமும் மேடுகள் இறங்கின. நடப்பவர்கள் அவற்றை முதுகு என்பார்கள். மாசிலாமணி தடியை ஊன்றிக்கொண்டு ஒரு முதுகைப் பிடித்து ஏறினார். அது மேலே போய் இன்னொரு முதுகோடு சேர்ந்தது. அது வேறொன்றோடு சேர்ந்தது. போட்ட கோடு போட்டபடி வந்தது. அவருக்கு உள்ளூரப் பெருமை தாங்கவில்லை.

குரு மட்டும் அடிக்கடி நின்று, வந்த பக்கமே திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். பாவம், மூச்சு வாங்குகிறது போலிருக்கிறது என்று மாசிலாமணி நினைத்துக்கொண்டார்.

உச்சிக்கு வந்ததும் கேட்டார்.

"ஒரு தப்பும் இல்லையேம்மா?"

"ஏறும்போது யாரு அண்ணாச்சி தப்பு பண்ண முடியும்? எந்த முதுகைப் பிடிச்சாலும் இங்கதான் கொண்டுவந்து விடும்."

இது பாராட்டுதானா என்று விளங்கவில்லை. பாராட்டு என்றே வைத்துக்கொண்டு இறங்க ஆரம்பித்தார்.

ஏறும்போது ஒன்றாகச் சேர்ந்த முதுகுகள் இறங்கும்போது இரண்டாகப் பிரிந்தன. பிரிந்தது மறுபடி பிரிந்தது. எல்லாம் ஒரே நிறம், ஒரே சரளைக்கல். வரைபடத்தில் அவர் இறங்குவதற்கென்று கோடு எதுவும் போட்டிருக்கவில்லை. வந்த வழிதானே என்று விட்டுவிட்டார். இப்போது அந்த வந்த வழி எதுவென்று தெரியவில்லை. ஆனாலும் தயங்கி நின்றால் மதிப்புக் குறைந்துவிடுமே என்று, இடது பக்கம் இறங்கிய முதுகில் விறுவிறுவென்று நடந்தார். குரு அவர் பின்னாலேயே வந்தார்.

கொஞ்ச தூரம் போனதும் முதுகு அறுந்து நின்றது. அதற்குக் கீழே வழுவழுவென்று ஒரு பாறைச் சரிவு. சரிவுக்கு அப்பால் மணல், மணலில் பொட்டு மாதிரி ஜீப். வெயிலோ மண்டையைப் பிளந்தது. தண்ணீரும் கால்வாசிதான் மிச்சம்.

"இப்படியே உட்கார்ந்து வழுக்கி இறங்கிடலாம்மா."

"சரி அண்ணாச்சி."

மறுத்துச் சொல்வார் என்று எதிர்பார்த்தவருக்கு அந்தச் 'சரி' என்னவோ செய்தது. ஆனாலும் சரிவின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டார்.

"தடியை முதல்ல விடுங்க. கை ரெண்டும் வேணுமே," என்றார் குரு.

மாசிலாமணி தடியை விட்டார். அது சரசரவென்று வழுக்கிக்கொண்டு போய், சரிவு முடிகிற இடத்தில் மறைந்தது. அப்புறம் சத்தமே இல்லை. அவர் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நாலு எண்ணுகிற நேரம் கழித்து, கீழே பள்ளத்தில் எங்கோ 'டொக்' என்று கேட்டது.

மெதுவாகக் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். பயமாக இருந்தது. பயத்தைவிட வெட்கமாக இருந்தது.

"எந்த இடத்துல வழி தப்பினோம்னு உங்களுக்குத் தெரியும்தானேம்மா?"

"தெரியும்."

"ஏன் சொல்லல?"

"ஊர்லருந்து வர்ற அஞ்சு பேருக்கும் தெரியாதே. அவங்க எப்படிச் சொல்லுவாங்க?"

ஐந்து பேர் விஷயம் குருவுக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்க மாசிலாமணிக்குத் தெம்பில்லை. எழுந்து, இறங்கிய முதுகிலேயே திரும்ப ஏறினார். உச்சி கண்ணுக்குத் தெரிகிற தூரம் வரை ஏற வேண்டியிருந்தது. இந்தத் தடவை பத்தடிக்கு ஒருமுறை நின்று, திரும்பிப் பார்த்தார். பிரிவு வந்த இடத்தில் நெடுநேரம் நின்றார். பிறகு வலது பக்க முதுகில் ஒவ்வொரு அடியாக வைத்து இறங்கினார். ஜீப்புக்கு வந்தபோது குப்பியில் சொட்டுத் தண்ணீர் இல்லை.

அவர் ஆள் கூட்டிப் போகலாமா கூடாதா என்று குரு அன்றைக்கும் சொல்லவில்லை, மறுநாளும் சொல்லவில்லை. கேட்க மாசிலாமணிக்கு வாய் வரவில்லை.

அடுத்த வாரம் ஐந்து பேரும் புதுச் செருப்பும் புதுத் தொப்பியுமாக வந்து இறங்கினார்கள். அவர்களில் சொர்ணத்தாய் என்கிற அம்மாள் ஊரில் மாசிலாமணிக்குப் பக்கத்துத் தெருக்காரர், வெளிப்படையாகப் பேசுகிறவர்.

"மலைக்கு வழியெல்லாம் அத்துப்படிதானே அண்ணாச்சி?"

மாசிலாமணி கொட்டகைப் பக்கம் பார்த்தார். குரு வாசலில் உட்கார்ந்து குப்பிகளில் தண்ணீர் நிரப்பிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. 'ஆமாம்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், மானம் பிழைத்துவிடும்.

"ஏறத் தெரியும்," என்றார் மாசிலாமணி. "இறங்கும்போது போன வாரம் வழி தப்பிட்டேன். அம்மா கூட வரலேன்னா இந்நேரம் எலும்புதான் கிடந்திருக்கும்."

ஐந்து பேர் முகமும் விழுந்துவிட்டது. ஒருவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். சொர்ணத்தாய் நேரே குருவிடம் போனார்.

"நீங்க சொல்லுங்கம்மா. இவரை நம்பி நாங்க போகலாமா?"

குரு குப்பியை மூடி வைத்தார். கொட்டகைக்குள் போய் ஒரு தடியை எடுத்துவந்து மாசிலாமணியிடம் நீட்டினார்.

"போன வாரம் கேட்டிருந்தா, வேண்டாம்னு சொல்லியிருப்பேன்."