வடிவம்மையின் இடக்கை

"அம்மா, இந்தக் காதை அறுத்து எறிஞ்சிட்டா நிம்மதி வருமா?"

வந்தவன் கும்பிடக்கூட இல்லை. எடுத்த எடுப்பிலேயே இதைத்தான் கேட்டான்.

வடிவம்மை கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். ஆற்றங்கரையில் இருந்த அந்தச் சின்ன மடத்துக்கு அவள்தான் தலைவி, அவள்தான் குரு, ஆள் வராத நாளில் சமையல்காரியும் அவள்தான். மலைக்கோயிலுக்குப் போகிறவர்கள் மத்தியானம் அங்கே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போவார்கள்.

"எந்தக் காதை?" என்று கேட்டாள்.

"ரெண்டையும்தான்."

"அருவாமணை இந்தா கெடக்கு. கீரை முடியட்டும், தாரேன். மொதல்ல உக்காரு."

உட்கார்ந்தான். பெயர் ஆதிமூலம். வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருப்பவன், நாற்பதை நெருங்குகிறவன். நல்ல மனிதன் என்றுதான் ஊரில் பெயர். சோற்று வேளையில் மட்டும் அவன் பக்கத்தில் ஈ காக்கா இருக்க முடியாது.

"இடி இடிச்சாத் தூங்குவேம்மா. கோயில் மேளத்தக் காதுகிட்ட வந்து அடிச்சாலும் எனக்கு ஒண்ணுமில்ல. பக்கத்துல ஒருத்தன் முறுக்கு கடிச்சா மட்டும் அவன் கழுத்தப் பிடிக்கலாம் போல வருது. ரசத்த உறிஞ்சினா எந்திரிச்சு ஓடணும் போல இருக்கு. வேணும்னேவா செய்யுதேன்? உள்ள என்னமோ பத்திக்கிட்டு எரியுது."

"வீட்டுல யாரு இருக்கா?"

"பொண்டாட்டி. ஒரு மக. உலகம்மை."

"மக என்ன செய்யுதா?"

"அப்பளத்த ரசத்துல ஊறப் போட்டுத் திங்குதா" என்றான். "கடிச்சா எனக்குக் கேட்டுருமாம். நான் வீட்டுல இருந்தா வைக்கப்போருக்குப் பின்னால போயி உக்காந்துக்கிடுதா. போன மாசம் கல்லு மாதிரி இருக்குத பொரிவிளங்காய் உருண்டைய உடைச்சு, மெல்லாமலே முழுங்கப் பாத்திருக்கா. தொண்டையில அடைச்சு கண்ணு செருகிட்டு. அவ அம்மை முதுகுல குத்திக் குத்தி வெளிய எடுத்தா."

"பெறவு?"

"காதைச் சரி பண்ணிட்டு வாங்க, இல்லன்னா இந்த வாசப்படி மிதிக்காதீங்கன்னுட்டா."

வடிவம்மை ஆய்ந்த கீரையை முறத்தில் ஒதுக்கினாள்.

"சத்தமே இல்லாத எடம் வேணுமா?"

"அதைக் கேக்கத்தான் வந்தேன்."

"ஆத்துக்கு மேல ஒரு குகை இருக்கு. போ."

அவல் முடிச்சோடு போனான். மறுநாள் காலையில், முடிச்சை அவிழ்க்காமலே திரும்பி வந்து நின்றான்.

"ஏன், குகையில யாரும் இருந்தாகளா?"

"ஒரு குருவிகூட இல்லம்மா. நான் எச்சி முழுங்குத சத்தம் கேக்கு."

வடிவம்மை சிரிக்கவில்லை.

"சரி. இனிமே பந்தியில எம் பக்கத்துல உக்காரு" என்றாள்.

அந்த மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. சாப்பிடும்போது வடிவம்மை இடக்கையை இறுக மூடி மடியில் வைத்துக்கொள்வாள். அம்மை செய்தால் அதில் சூட்சுமம் இல்லாமல் இருக்குமா? சீடர்கள் அத்தனை பேரும் இடக்கையை மூடினார்கள்.

ஐம்புலனையும் அடக்கிப் பிடிக்கிற முத்திரை அது என்றார் ஒருவர். அதெல்லாம் இல்லை, உள்ளே எரியும் சுடரை அணையாமல் காக்கிறாள் என்றார் இன்னொருவர். கோயில் யானைக்கு எந்த நாமம் போடுவது என்று அடித்துக்கொண்ட கதைதான். ஒரு நாள் பந்தியிலேயே சண்டை முற்றியது. அப்போதும் இரண்டு பேரும் கையைத் திறக்கவில்லை.

அம்மையிடம் போய்க் கேட்கலாம் என்று மட்டும் ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஆதிமூலமும் மூடினான். மற்றவர்களைவிடப் பலமாகவே மூடினான். ஒன்றும் நடக்கவில்லை.

வலப்பக்கம் ஒருவர் வடையைக் கடிப்பார். "ச்சு" என்பான்.

எதிர்வரிசையில் ஒருவர் மோரை உறிஞ்சுவார். "ச்சு."

கண்ணை மூடிப் பார்ப்பான். தொடையைக் கிள்ளிக்கொள்வான். வேகமாகத் தின்று முடித்தால் தப்பிக்கலாம் என்று அள்ளி அள்ளிப் போடுவான். விக்கல்தான் வரும். பாதிச் சோற்றை இலையில் விட்டுவிட்டு ஆற்றங்கரைக்கு ஓடுவான்.

அங்கேயும் இருப்புக் கொள்ளாது. இந்தப் பந்தி முடிந்ததே என்று மூச்சு விடுவதற்குள் அடுத்த வேளையின் நினைப்பு வந்துவிடும். மணலில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடப்பான். கூட்டில் அடைத்த நாயைப் போல் இருந்தது அவன் பாடு.

பங்குனி உத்திரம் வந்தது. மலைமேல் இருக்கும் சாஸ்தா கோயிலுக்குப் போகிற கூட்டம் மடத்தில் நிரம்பி வழிந்தது. அன்றைக்குப் பாயசம்.

ஆதிமூலத்துக்கு எதிரில் ஒரு கிழவர் உட்கார்ந்திருந்தார். மலைப்பாதையில் நடந்து கால் வீங்கியிருந்தது. இலையில் ஓடிய பாயசத்தை உள்ளங்கையில் கூட்டி அள்ளி, வாயருகே கொண்டுபோய், கண்ணை மூடிக்கொண்டு உறிஞ்சினார். அந்தச் சத்தத்தில் ஆதிமூலத்தின் தலைமயிர் நட்டுக்கொண்டது.

இரண்டாம் தடவை உறிஞ்சினார்.

ஆதிமூலம் எழுந்துவிட்டான். "ஏ, மாடா நீரு? மாடுகூட இப்படிக் குடிக்காது வே!"

பந்தி முழுக்க வாயில் வைத்த கையோடு நின்றது.

கிழவர் கையிலிருந்த பாயசத்தை இலையில் திரும்ப விட்டார். "எனக்குப் பல்லு இல்லய்யா" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, மன்னிப்புக் கேட்பதுபோலச் சொன்னார். அதுதான் கொடுமை. இலையை மடித்துவிட்டு எழுந்தார்.

பசியோடு வந்தவர் பாதிச் சாப்பாட்டில் எழுந்துபோவது அந்த மடத்தில் அதுவரை நடந்ததில்லை.

வடிவம்மை தன் இலையை விட்டு எழுந்தாள். கிழவரின் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். புது இலை போட்டு, பாயசத்தைத் தானே ஊற்றி, அவர் எதிரிலேயே உட்கார்ந்துகொண்டாள்.

"நல்லா உறிஞ்சிக் குடிங்க அண்ணாச்சி" என்றாள்.

அவர் குடித்து முடிக்கும்வரை அவள் நகரவில்லை. இடக்கை மடியில் மூடியே இருந்தது.

ஆதிமூலம் ஆற்றுப் படியில் கிடந்தான். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. பாயசப் பானையைக் கழுவ அம்மை வந்தாள்.

"என்னை அனுப்பிருங்கம்மா. மனுசங்க கூட இருக்க நான் லாயக்கு இல்ல. ஊருக்கும் போக முடியாது. எங்கயாவது போயித் தொலையுதேன்."

அம்மை பானையில் மணலை அள்ளிப் போட்டுத் தேய்த்தாள்.

"அந்த முத்திரை எல்லாருக்கும் பலிக்குது. எனக்கு மட்டும் பலிக்கல. கைக்குள்ள என்ன மந்திரம் வச்சிருக்கீங்க? போறதுக்கு முன்னால அதையாவது சொல்லுங்க."

அம்மை தேய்ப்பதை நிறுத்தினாள். இடக்கையை ஆற்றில் கழுவி, அவன் முன்னால் நீட்டித் திறந்தாள்.

உள்ளங்கையில் நகம் பதிந்த தடங்கள். பழைய தடங்கள் காய்த்துப் போயிருந்தன. அவற்றின் மேலேயே புதியவை சிவந்திருந்தன. ஒன்றில் ரத்தம் கசிந்துகொண்டிருந்தது.

ஆதிமூலத்துக்கு விளங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"உங்களுக்குமா?"

"சின்னப் பிள்ளையில இருந்தே."

"இன்னும் போகலையா?"

"எங்க போவும்?"

"அப்புறம் ஏம்மா பந்தி நடக்குத மடத்துல வந்து இருக்கீங்க?"

"பசிச்சு வாரவங்களுக்குச் சோறு போடணும்னு ஆசைப்பட்டு வந்தேன். காதும் கூடவே வந்துட்டு."

அவன் அந்த ரத்தத்தைப் பார்த்தான். "இது அந்தப் பெரியவரு பாயசம் குடிச்சதுக்கா?"

"அவரு பாவம், ஒரு வேளைச் சோத்துக்கு வந்த விருந்தாளி. இது உன்னுது."

"என்னுதா? நான்தான் சத்தமே இல்லாமத் திங்குதேனே!"

"யாரு எதைக் கடிச்சாலும் ஒரு 'ச்சு' கொட்டுதியே. வந்த நாள்ல இருந்து. எங் காதுகிட்டயே."

"ச்சு" என்றான் ஆதிமூலம். அவனையும் மீறி வந்துவிட்டது.

அம்மையின் இடக்கை தானாக மூடிக்கொண்டது.

இரண்டு பேரும் அந்தக் கையையே பார்த்தார்கள்.

"என்னையத் தள்ளி உக்காரச் சொல்லியிருக்கலாமேம்மா" என்றான்.

"தள்ளி உக்காந்து திங்க ஒரு புள்ள போதாதா?"

அம்மை பானையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு படியேறிவிட்டாள்.

ஆதிமூலம் அன்றைக்கே புறப்பட்டான். மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் தன் வீட்டு வாசலில் நின்றான்.

மனைவி அகப்பையோடு வந்து வழியை மறித்தாள். "காது சரியாயிட்டா?"

"இல்ல."

"பின்ன எதுக்கு வந்தீங்க?"

"எல்லாருக்கும் சேத்து எலை போடு."

அவள் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு வழியை விட்டாள்.

அப்பாவின் குரல் கேட்டதுமே உலகம்மை தட்டை எடுத்துக்கொண்டு வைக்கோல்போர் பக்கம் நடந்துவிட்டாள்.

"உலகா, இங்க வா. எம் பக்கத்துல உக்காரு."

வந்தாள். உட்காரும்போதே ஓர் ஓரமாக ஒடுங்கினாள். அம்மா ரசம் ஊற்றி அப்பளம் வைத்தாள். உலகம்மை பழக்கப்படி அப்பளத்தை எடுத்து ரசத்தில் வைத்து, மிதக்காமல் இருக்க விரலால் அமுக்கிப் பிடித்தாள்.

ஆதிமூலம் அந்த விரலைப் பார்த்தான். தன் இலையில் இருந்த அப்பளத்தை எடுத்து மகளின் கையில் கொடுத்தான்.

"கடி."

அவள் அம்மாவைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள்.

"ஒங்களுக்குக் கேக்குமேப்பா?"

ஆதிமூலம் இடக்கையை மூடி மடியில் வைத்துக்கொண்டான்.

"கேக்கும். நீ கடி."