அளக்கும் துடுப்பு

"இதுல ஒரு குறை சொல்லு பூரணி. கரை போறதுக்குள்ள சொல்லலேன்னா நாளையிலேர்ந்து வேலைக்கு வராதே."

காயல் நடுவில் புதுத் துடுப்பைத் தூக்கிக் காட்டினார் படகு கிளப் முதலாளி தேவசகாயம். அதை நம்பாமல் விருந்தாளிகளின் கயாக் படகுகளில் பழைய துடுப்பையும் பூரணி செருகி வைத்ததில்தான் அவருக்குக் கோபம்.

பக்கத்துக் கயாக்கிலிருந்து அவள் பணிவாகக் கேட்டாள். "என்னென்ன செய்யும் சார்?"

"படகு தள்ளும். மீன் அளக்கும். நூல் அறுக்கும். கொக்கி போட்டு இழுக்கும்."

"நீங்க இப்பப் பிடிச்ச அந்தக் கொடுவா மீனை அளந்து காட்டுங்களேன்."

துடுப்பை மடியில் கிடத்தி, அதிலிருந்த அளவுக் கோடுகள்மேல் மீனை வைத்தார். அது துள்ளியது. இரண்டு கையாலும் அமுக்கினார். நீரோட்டம் அவரைச் சேற்றுமேட்டுப் பக்கம் கொண்டுபோனது.

"துடுப்பு மீன் அளக்குது சார். படகை யார் ஓட்டுறாங்க?"

அவர் நிமிர்ந்தபோது கயாக் சேற்றில் ஏறி உட்கார்ந்திருந்தது. மீன் தண்ணீருக்குள் போய்விட்டது.

"கயிறு போடு, தாயே."

கயிறு சற்றுத் தள்ளி விழுந்தது. துடுப்பு நுனிக் கொக்கியால் அதை எட்டி இழுத்தார்.

"பாத்தியா, உதவுது!"

"உதவாதுன்னு யார் சார் சொன்னா? துணைக்கு இன்னொண்ணு வேணும்னுதான் சொல்றேன்."

அவர் சிரித்துவிட்டார். கரை சேர்ந்ததும் பழைய துடுப்பு ஒன்றைத் தன் இருக்கைக்குப் பின்னால் செருகினார்.