ஒரு மைக்கா, பத்துக் கதவு

தச்சர் வண்டிமலை பத்து அலமாரிக் கதவுக்குப் பத்து மைக்கா ஷீட் கேட்டதும் பங்களாக்காரர் ஆவுடைநாயகம் பாய்ந்தார்.

"யாருகிட்ட வே கதை விடுதீரு? மைக்கா ஏடு ஏடா உரியும்னு புத்தகத்துல படிச்சிருக்கேன். ஒண்ணையே பத்தா உரிச்சு ஒட்டும்!" என்றவர், தச்சரின் உளிப்பெட்டியை பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார்.

"ஐயா, உரியுறது பாறையில வெட்டி எடுக்குற மைக்கா. இது காகிதத்தை அடுக்கிப் பசை போட்டு அழுத்துன தகடு. பேருதான் மைக்கா."

"எனக்கே பாடமா? உரிச்சாத்தான் பெட்டி!"

பெட்டி போனால் பிழைப்பு போச்சு. வண்டிமலை சுவரைப் பார்த்தார். 'மாமனிதர் ஆவுடைநாயகம்' என்ற பட்டம், லேமினேஷன் போட்டு மின்னிக்கொண்டிருந்தது.

"சரிங்கய்யா. அதுவும் அடுக்கி ஒட்டுனதுதான். முதல்ல அதை உரிச்சுக் கை பழகிக்கிடுதேன். பத்தா வந்தா ஐயாவுக்குப் பத்துப் பட்டம்."

ஆவுடைநாயகத்துக்கு வாய் ஊறியது. தாமே கழற்றிக் கொடுத்தார். வண்டிமலை ஓரத்தை நகத்தால் நெம்பி இழுத்தார். 'மா' கையோடு வந்துவிட்டது.

"ஐயோ, நிறுத்தும்! ஒட்டுன காகிதம் எங்கயாவது ஏடா உரியுமா வே?"

"அதைத்தான்யா நானும் சொன்னேன்."

ஆவுடைநாயகம் வெறும் மனிதராகப் போய் பீரோவைத் திறந்தார்.