கோஸ் பீப்பாயில் போன நூலகம்

ஆல்ப்ஸ் மலையடிவாரத்தில் எல்ம்ஸ்பர்க் என்றொரு மடம் இருந்தது. பெனடிக்ட் சபைத் துறவிகள் எழுநூறு ஆண்டுகளாகச் செபித்தும், நிலம் உழுதும், தோல் ஏடுகளில் நூல்களைப் பிரதியெடுத்தும் வாழ்ந்த மடம் அது. அங்கே முந்நூற்றுப் பன்னிரண்டு நூல்கள். அவற்றுக்குக் காவலர் ஒடிலோ. பழைய மடாதிபதி சாகும் தறுவாயில் ஒடிலோவின் கையைப் பிடித்து, "நம் நூல்களைக் காப்பாற்று, ஒன்றையும் வாசல் தாண்ட விடாதே" என்று சத்தியம் வாங்கியிருந்தார்.

மறு ஆண்டே, மடங்களை மூடச் சொல்லி அரசர் ஆணையிட்டார். மூன்றாம் நாள் அதிகாரிகள் வருவார்கள். தோல் ஏடுகளைப் பசை காய்ச்ச எடுத்துப்போவார்கள் என்று செய்தி வந்தது. நூல்களை வெளியே அனுப்பினால் சத்தியம் போகும். அனுப்பாவிட்டால் நூல்களே போகும்.

சமையற்கட்டைப் பார்த்துக்கொண்ட சகோதரர் வெண்டலின் வந்து நின்றார். "சத்தியம் செய்தது நீங்கள்தானே, நான் இல்லையே. சாவியைக் கொடுங்கள்."

ஒடிலோ சரியென்றும் சொல்லவில்லை, கூடாதென்றும் சொல்லவில்லை. சாவியை மேசைமேல் வைத்துவிட்டு, திரும்பிப் பாராமல் கோயிலுக்குள் போய் முழந்தாளிட்டார்.

வெண்டலின் முட்டைகோஸை உப்பில் ஊறப்போடும் பீப்பாய்களில் நூல்களை அடுக்கினார். மெழுகுத்துணியால் மூடி, மேலே ஒரு சாண் உயரம் கோஸைப் பரப்பி, மலைச்சரிவில் ஆடு வளர்த்த வால்பர்கா என்ற கைம்பெண்ணின் தொழுவத்தில் கொண்டுபோய் இறக்கினார். தேடி வந்த அதிகாரி அவளைச் சிலுவைமேல் கை வைக்கச் சொல்லி, "மடத்து நூல் இங்கே இருக்கிறதா?" என்று கேட்டார். "இல்லை" என்றாள். அவளுக்கு எழுத்து தெரியாது. பொய்ச்சத்தியம் செய்தால் நரகம் என்பது மட்டும் நன்றாகத் தெரியும்.

துறவிகள் திசைக்கொருவராகக் கலைந்தார்கள். பதினோரு ஆண்டுகளுக்குப் பின், புதிய அரசர் மடத்தைத் திறக்க அனுமதித்தார். ஒடிலோ திரும்பி வந்து காலி அலமாரிகளின் முன் நின்றபோது வாசலில் வண்டிச் சத்தம். வெண்டலின், பக்கத்தில் வால்பர்கா, பின்னால் பீப்பாய்கள். ஒடிலோ ஒவ்வொன்றாக எண்ணினார். முந்நூற்றுப் பன்னிரண்டு! கோஸ் வாடை மூக்கைத் துளைத்ததே தவிர, ஓர் ஏடும் குறையவில்லை. நெஞ்சிலிருந்த பாரம் இறங்க, அவர் வாசற்படியிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டார்.

புதிய மடாதிபதி லியாண்டர், பாராட்டுவதற்காக மூவரையும் அழைத்தார். அவர்களோ மன்னிப்புக் கேட்டார்கள்.

"கொடுத்த வாக்கை மீறினேன்" என்றார் ஒடிலோ.

"நான் திருடினேன்" என்றார் வெண்டலின்.

"சிலுவைமேல் பொய் சொன்னேன், சாமி" என்றாள் வால்பர்கா.

இதுவரை கேட்ட நீங்களே சொல்லுங்கள்: இம்மூவரில் உண்மையாகவே தவறியவர் யார்?

விடை: தவறியவர் ஒடிலோ, ஆனால் வாக்கை மீறியதால் அல்ல. பழைய மடாதிபதி விரும்பியது நூல்களின் பாதுகாப்பு, அது நிறைவேறிவிட்டது. வெண்டலின் தனக்கென்று எதையும் எடுக்கவில்லை. வால்பர்கா நரகத்துக்கும் துணிந்து பிறர் பொருளைக் காத்தாள். நூல்களும் பிழைக்க வேண்டும், தன் கையும் கறைபடக் கூடாது என்று வாய் திறவாமல் போன ஒடிலோதான் பாவத்தை மற்றவர் தலையில் ஏற்றினார். "அன்று சொல்லாததை இன்று போய்ச் சொல்லும், அதுவே உமக்குப் பரிகாரம்" என்றார் மடாதிபதி. ஒடிலோ சமையற்கட்டுக்குப் போய், "கொண்டுபோங்கள் சகோதரரே, பழி என்னுடையது" என்றார். வெண்டலின் கரண்டியைக் கீழே வைத்தார். "அன்றே சொல்லியிருந்தால் பீப்பாய் தூக்க இன்னும் இரண்டு கை கிடைத்திருக்குமே!" என்று அவர் சிரிக்க, ஒடிலோவும் வாய்விட்டுச் சிரித்தார்.