மூடுபனியில் கூப்பிட்ட குரல்

இது வால்பாறை மலையில் ஒரு தேயிலை எஸ்டேட்டில் நடந்தது. சொல்லி முடித்ததும் உங்களிடம் ஒன்று கேட்பேன். நடுவில் எழுந்து போய்விட வேண்டாம்.

அந்த எஸ்டேட்டின் பிள்ளைக் காப்பகத்தில் ஜெபக்கனி டீச்சராக இருந்தாள். கொழுந்து பறிக்கப் போகும் பெண்கள் காலையில் தங்கள் பிள்ளைகளை அவளிடம் விட்டுவிட்டு, மாலையில் வந்து கூட்டிக்கொண்டு போவார்கள். அந்த மழைக்காலத்தில் ஒரு சிறுத்தை தொழிலாளர்களின் லைன் வீடுகள் வரை இறங்கிவந்து கன்றுக்குட்டியைத் தூக்கிப் போயிருந்தது. அதிலிருந்து, பொழுது சாயும் நேரம் வந்தாலே ஜெபக்கனிக்கு நெஞ்சு படபடக்கும்.

எஸ்டேட் ஆபீஸ் கிளார்க் சார்லஸ் பிள்ளைகளுக்கென்று ஒரு தேவதைக் கதைப் படம் கொண்டுவந்து கொடுத்தார். ஜெபக்கனி அதை முதலில் தனியாகப் போட்டுப் பார்த்தாள். ஒளிவீசும் பூக்கள், பேசும் ஆந்தை, காட்டில் வழிதவறிய ஒரு சிறுமி. பிறகு ஒரு சூனியக்காரி வந்தாள். தாயின் குரலிலேயே பிள்ளைகளைக் கூப்பிட்டுத் தன் குகைக்கு வரவழைப்பவள். சிறுமி ஒரு கேள்வி கேட்டு அவள் வேஷத்தைக் கலைக்கிறாள். கடைசியில், தான் மூட்டிய தீயில் தானே விழுந்து எரிந்துபோகிறாள். அந்த அலறலில் ஜெபக்கனிக்கே உடம்பு சில்லிட்டது.

"இதை எப்படி சார் பிள்ளைங்களுக்குப் போடுறது?" என்று கேட்டாள்.

சார்லஸ் சிரித்தார். "கொஞ்சம் பயப்படட்டும் டீச்சர். இருட்டினப்புறம் வெளிய போகாதுங்க. கடைசியில எல்லாம் நல்லபடியா முடியுதில்ல? முழுசாப் போடுங்க."

பெனிட்டா என்ற ஐந்து வயதுப் பெண்ணின் தாய் மரியதங்கம். படத்தைப் பற்றிக் கேள்விப்பட்டதும் கையைப் பிசைந்துகொண்டு வந்து நின்றாள். "இவ நிழலப் பாத்தாலே கத்துவா டீச்சர். நான் மடியில வச்சிருக்கறப்பப் பாக்கட்டும். இன்னிக்கு வேணாம்."

ஜெபக்கனி இரண்டு பேச்சையும் யோசித்தாள். வெளியே அடைமழை. பிள்ளைகளோ படம், படம் என்று ஒரே நச்சரிப்பு. குகையும் தீயும் வருவதற்கு முன்பே நிறுத்திவிட்டால் யாருக்கும் குறையில்லை என்று முடிவுசெய்தாள். படம் ஓடியது. காட்டுக்குள்ளிருந்து அம்மாவின் குரல் சிறுமியைக் கூப்பிட்டது. "போகாதே! அது உன் அம்மா இல்லை" என்றது ஆந்தை. அந்த இடத்தில் ஜெபக்கனி நிறுத்தினாள்.

"அப்புறம்?" என்று பிள்ளைகள் கேட்டார்கள்.

"அவ்வளவுதான். அவ பத்திரமா வீட்டுக்குப் போயிட்டா."

மாலையில் மழை விட்டு மூடுபனி இறங்கியது. பத்தடி தள்ளி நிற்பவர் தெரியவில்லை. பெரும்பாலான தாய்மார்கள் வந்து பிள்ளைகளைக் கூட்டிப் போய்விட்டார்கள். மிச்சமிருந்த ஒரு பிள்ளைக்கு ஜெபக்கனி ஸ்வெட்டர் மாட்டிக்கொண்டிருந்தபோது, கீழே ரோட்டு வளைவிலிருந்து மரியதங்கத்தின் குரல் கேட்டது. "பெனீ... வாடி கண்ணு! அம்மா வந்துட்டேன்!"

ஜெபக்கனி திரும்பிப் பார்த்தாள். வாசலில் நின்றிருந்த பெனிட்டாவைக் காணோம்.

மரியதங்கம் ரோட்டைச் சுற்றிக்கொண்டு மேலே வந்தாள். பிள்ளை இல்லை என்றதும் தேயிலைச் சரிவைப் பார்த்துக் கத்தத் தொடங்கினாள். பதிலே இல்லை. அவள் கத்தக் கத்த, சரிவில் செடிகளின் சலசலப்பு இன்னும் மேலே, காட்டோரமாய் நகர்ந்தது. அங்கே அசைவது பிள்ளையா, சிறுத்தையா?

அப்போதுதான் ஜெபக்கனிக்கு உறைத்தது. "மரியதங்கம், கூப்பிடாதே! உன் குரலக் கேட்டுத்தான் ஓடுறா!"

அவளை அங்கேயே நிறுத்திவிட்டு, ஜெபக்கனி செடிகளுக்கு நடுவே போய் நின்று உரக்கச் சொன்னாள். "பெனிட்டா, டீச்சர் பொய் சொல்லிட்டேன். படம் முடியல. மிச்சத்தைக் கேளு. அந்தப் பொண்ணு அந்தக் குரல்கிட்ட ஒரு கேள்வி கேட்டா. அம்மாவுக்கு மட்டும் தெரிஞ்ச கேள்வி. சூனியக்காரிக்குப் பதில் தெரியல. அப்புறம் நிஜ அம்மா வந்தா. டக்குன்னு சொல்லிட்டா."

சலசலப்பு நின்றது. பிறகு ஒரு செடியின் அடியிலிருந்து, நடுங்கும் சின்னக் குரல்: "காலையில நான் எதுக்கு அழுதேன்?"

மரியதங்கம் வெடித்து அழுதாள். "ரெட்டைச் சடை போடச் சொன்னே. நேரமாச்சுன்னு ஒத்தைச் சடை போட்டுட்டேன். அதுக்குத்தான்டி அழுதே!"

செடிகளை விலக்கிக்கொண்டு பிள்ளை ஓடிவந்தது.

கதை இங்கே முடிந்திருக்கும். ஆனால் மறுநாள் காலை வனக்காவலர் ஒன்றைக் கண்டார். காப்பக வாசலிலிருந்து ரோட்டு வளைவுக்கு இறங்கும் குறுக்குப் பாதையில், ஈரமண்ணில், முந்தின மாலை பதிந்த சிறுத்தையின் காலடித் தடங்கள்.

"பாத்தீங்களா? அந்தப் படத்தால பயந்ததாலதான் பிள்ளை பிழைச்சா. இல்லேன்னா இந்த வழியாத்தான் இறங்கி ஓடியிருப்பா" என்றார் சார்லஸ்.

"என் குரலுக்கே பயந்து என் புள்ள காட்டைப் பாத்து ஓடுனா சார்" என்றாள் மரியதங்கம்.

இப்போது சொல்லுங்கள். முழுப் படத்தையும் போடச் சொன்ன சார்லஸ், இன்றைக்கு வேண்டாம் என்ற மரியதங்கம், பாதியில் நிறுத்திய ஜெபக்கனி. இந்த மூவரில் யார் எடுத்த முடிவு சரி?

விடை: சிறுத்தையை இதில் சேர்க்கக் கூடாது. அது அந்த வழியில் வரும் என்று மூவரில் எவருக்கும் தெரியாது; தற்செயலாய்க் கிடைத்த நன்மைக்கு யாரும் உரிமை கொண்டாட முடியாது. சார்லஸுக்குப் படம் தெரியும், பெனிட்டாவைத் தெரியாது. ஜெபக்கனி பயத்தை வெட்டுவதாக நினைத்து, பயம் தெளியும் இடத்தை வெட்டிவிட்டாள்; சரிவில் போய் நின்று அதை ஒட்டவைத்தது மட்டும் அவள் பெருமை. படத்தைப் பார்த்தே இராத மரியதங்கத்தின் முடிவுதான் சரி. படமே கூடாது என்று அவள் சொல்லவில்லை. தன் மடி இல்லாமல் கூடாது என்றுதான் சொன்னாள். பிறகொரு விடுமுறை நாளில் தாய்மார்கள் எல்லாரையும் உட்காரவைத்து ஜெபக்கனி முழுப் படத்தையும் போட்டாள். சூனியக்காரி எரியும்போது பெனிட்டா தாயின் மடியில் உட்கார்ந்து கண்கொட்டாமல் பார்த்தாள். அவள் முதுகில் முகத்தைப் புதைத்துக்கொண்டது மரியதங்கம்தான்.