அறுபது பவுண்டு நரம்பு

ரெமிஜியுஸிடம் எதையாவது கேட்டால் பதில் உடனே வராது. வந்த பிறகு, ஏன்டா கேட்டோம் என்று இருக்கும். தூண்டில் போடும் எங்கள் கூட்டத்தில் அவனுக்குத்தான் வயது குறைவு, நாற்பது. ஐஸ் கம்பெனியில் வேலை. ஆனாலும் கொடுவா மீன் பிடிக்க எந்தத் தூண்டில் கோல், எந்த ரீல், தூண்டிலில் கட்ட எந்த நரம்பு என்று குழப்பம் வந்தால் பழையகாயல் பக்கம் எல்லோரும் அவனிடம்தான் போய் நிற்போம்.

கோமதிநாயகம் சாரும் அப்படித்தான் வந்தார். ஐ.டி.ஐ.யில் முப்பது வருஷம் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய ஒரே மகன் அருணகிரி எங்களோடுதான் தூண்டில் போடுவான். போன வருஷம் ஆனி மாதம், முகத்துவாரத்துக் கல் வரிசையில் நின்றிருந்தபோது அவன் தூண்டில் முள் பாறையில் மாட்டிக்கொண்டது. கோலால் இழுத்தால் கோல் முறிந்துவிடும். அதனால் இங்கே எல்லோரும் நரம்பைக் கையில் நாலு சுற்று சுற்றிக்கொண்டு இழுப்போம். அவனும் சுற்றினான். அந்த நேரம் பார்த்து ஒரு அலை ஆளைத் தண்ணீருக்குள் தள்ளிவிட்டது. நரம்பின் ஒரு முனை பாறையில், மறுமுனை அவன் மணிக்கட்டில். அது அறுந்து போகவில்லை. அவனை மேலே வரவும் விடவில்லை. நாங்கள் கத்தியோடு இறங்குவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அது அறுபது பவுண்டு இழுவை தாங்கும் பின்னல் நரம்பு. வாங்கிக் கொடுத்தவர் சார்தான். அதற்கு முந்தின வாரம் ஒரு பெரிய கொடுவா நரம்பை அறுத்துக்கொண்டு போய்விட்டது என்று பையன் ரெண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. சாருக்குப் பொறுக்கவில்லை. தூத்துக்குடிக்கு பஸ் ஏறிப் போய், "என்ன ஆனாலும் அறுந்து போகாத நரம்பு குடுங்க" என்று கேட்டு வாங்கி வந்தார்.

காரியமெல்லாம் முடிந்து ரெண்டு மாசம் கழித்து ரெமியைத் தேடி வந்தார்.

"எனக்குக் கத்துக்குடுங்க தம்பி."

"மீன் பிடிக்கவா சார்?"

"மீன் வேண்டாம். எதை எப்படிப் பார்த்து வாங்கணும், அது மட்டும் போதும்."

எதற்கு என்று ரெமி கேட்கவில்லை.

எட்டு மாசம், ஞாயிறு தவறாமல் வந்தார். கையில் ஒரு நீள நோட்டு.

"கோல் வாங்கும்போது முதல்ல எதைப் பார்க்கணும்?"

"நிக்கிற இடத்தை."

"மீனை இல்லையா?"

"மீன் எங்கன வேணாலும் இருக்கும் சார். நாம ஒரு இடத்துலதான நிக்கோம்."

எழுதிக்கொண்டார்.

"ரீல்?"

"மீன் ஓடும்போது நரம்பை விட்டுக்குடுக்கணும். அதைப் பாருங்க. இழுக்கதுக்கு நம்ம கை போதும்."

அதையும் எழுதிக்கொண்டார். வாத்தியார் புத்தி போகுமா? வீட்டில் ஒவ்வொரு நரம்பையும் கொக்கித் தராசில் கட்டி இழுத்து, எத்தனை கிலோவில் அறுகிறது என்று கட்டம் போட்டுக் குறித்து வருவார். அவ்வளவு அழகான கையெழுத்து.

வைகாசியில் ஒரு ஞாயிறு காலை. முகத்துவாரத்தில் நீர் இறங்கியிருந்தது. சார் கல்லின் மேல் துண்டு விரித்து எல்லாவற்றையும் எடுத்து வைத்தார். ரெண்டு கோல், மூணு ரீல், ஏழெட்டு நரம்புக் கண்டு. நோட்டை மடியில் வைத்துக்கொண்டார்.

"இதுல எல்லாம் எழுதிட்டேன் தம்பி. ஒண்ணே ஒண்ணுதான் பாக்கி. அன்னைக்கு நான் எதை வாங்கியிருக்கணும்?"

நான்தான் வாயைத் திறந்தேன்.

"சார், எத்தனை தடவை சொல்லுதது? அன்னைக்கு அலை அப்படி. அவன் விதி அப்படி. எந்த நரம்பா இருந்தாலும் இதுதான் நடந்திருக்கும்."

வழக்கம்போல் தலையை ஆட்டினார். இதையே நான் பத்து தடவை சொல்லியிருப்பேன். அவர் மச்சினர் சொன்னார். ஸ்டேஷனில் எழுதி வாங்கிய ஏட்டு சொன்னார். கோயில் ஐயர் சொன்னார். எல்லோருக்கும் இதே தலையாட்டல்தான்.

ரெமி எழுந்தான். அறுபது பவுண்டுக் கண்டை எடுத்து, நரம்பை ஒரு பாறையில் சுற்றி முடிச்சுப் போட்டான்.

"கையில துண்டைச் சுத்திக்கிடுங்க சார். அதுக்கு மேல நரம்பைச் சுத்துங்க. நாலு சுத்து."

சார் சுற்றினார்.

"இழுங்க."

ரெமி பின்னால் நின்று அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டான். சார் இழுத்தார். காலை ஊன்றி, உடம்பு மொத்தத்தையும் பின்னால் சாய்த்து இழுத்தார். நரம்பு துண்டுக்குள் இறங்கியது. கழுத்து நரம்பெல்லாம் புடைத்தது. பாறையில் கட்டியது அறுந்து போகவில்லை.

ரெமி கத்தியால் அதை வெட்டிவிட்டான். இருபது பவுண்டுக் கண்டை எடுத்து அதே பாறையில் கட்டினான்.

"இப்ப இழுங்க."

சார் அவனைத் திரும்பிப் பார்த்தார். என்ன வரப்போகிறது என்று அவருக்குத் தெரியாதா? அவர் நோட்டிலேயே இருக்கிறதே. சுற்றிக்கொண்டு இழுத்தார். படக்கென்று அறுந்தது. ரெண்டு பேரும் பின்னால் சாய்ந்து கல்லில் உட்கார்ந்துவிட்டார்கள். நரம்பு கையிலிருந்து தொங்கியது.

"இதைத்தான் வாங்கியிருக்கணும் சார்" என்றான் ரெமி.

"வாங்கியிருந்தா?"

"அறுந்திருக்கும்."

"புள்ள?"

"நீந்தி ஏறியிருப்பான்."

எனக்கு வந்த கோபத்தில் அவனை அறைந்திருப்பேன். "நீயெல்லாம் மனுசனாடா" என்றேன்.

சார் அழுதார். மகனைக் கரையில் கிடத்தியிருந்தபோதுகூட அவர் அழுது நான் பார்க்கவில்லை. அன்றைக்குக் கல்லில் உட்கார்ந்து, துண்டு சுற்றிய கையை மார்போடு வைத்துக்கொண்டு, சத்தம் போட்டு அழுதார். ரெமி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான். நோட்டு நழுவித் தண்ணீரில் விழப் போனது. நான் எடுத்து வைத்தேன்.

வெகு நேரம் கழித்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"ஒரு வருஷமா எல்லாரும், நீங்க எதை வாங்கியிருந்தாலும் இதுதான் நடந்திருக்கும்னாங்க. எனக்குத்தான் கிறுக்குப் பிடிச்சிருச்சு, அதான் இப்படித் தோணுதுன்னு நெனச்சேன்."

"ம்."

"நீங்க மட்டும் ஏன் தம்பி சொன்னீங்க? இதை நான் தாங்கிடுவேன்னு நெனச்சீங்களா?"

ரெமி அவர் கையைப் பிடித்து, துண்டின் மேலிருந்த நரம்பை ஒவ்வொரு சுற்றாகப் பிரித்து எடுத்தான்.

"இல்ல சார். தாங்க மாட்டீங்கன்னுதான் நெனைக்கேன். ஆனா இவுங்க சொன்னதையும் நீங்க தாங்கலையே."