அண்ணனைத் தெரியாது என்ற ஓவிய நண்டு

காட்டுக்குள் ஒரு தாமரைக் குளம். அங்கே செவலை என்ற நண்டு வந்து குடியேறியது. அது கடற்கரை நண்டு. புயலில் வளை இடிந்துபோகவே, ஆற்றோரமாகவே நடந்து இங்கே வந்து சேர்ந்தது.

செவலைக்கு ஓவியம் வரையத் தெரியும். நாவற்பழச் சாற்றைக் கொடுக்கால் தொட்டுத் தொட்டு, கரையிலிருந்த பாறையில் முதல் படம் வரைந்தது. பாறை முழுக்க ஒரே நீலம்!

குளத்துத் தலைவர் தடியப்பத் தவளை வந்து பார்த்தார்.

"என்னப்பா இது? தாமரை எங்கே?"

"ஐயா, இது எங்க கடல். இதில் தாமரை இருக்காது!"

"கடலாம் கடல்! எங்க ஊர் மாதிரி வரைஞ்சா இரு. இல்லையா, வந்த வழியே நடையைக் கட்டு!"

தவளைகள் விழுந்து விழுந்து சிரித்தன. செவலை கூனிக் குறுகிப்போனது. அன்றே படத்தின் மேல் சேற்றைப் பூசி அழித்துவிட்டது.

அப்புறம் எல்லாம் தாமரைதான். மொட்டு, பூ, இலை என்று தவளைகள் வாயைப் பிளக்கும்படி வரைந்தது. யாராவது கடலைப் பற்றிக் கேட்டால், "அதெல்லாம் மறந்தே போச்சு!" என்று சிரித்து மழுப்பியது.

மழைக்காலம் முடிந்ததும் குளத்தில் விழா. "இனிமேல் செவலை நம்ம ஊர் ஓவியர்!" என்று தலைவர் அறிவிக்கப் போகிறார். அந்த நேரம் பார்த்து, ஒரு கொடுக்கு ஒடிந்த நண்டு தள்ளாடித் தள்ளாடி வந்தது. வேறு யாரும் இல்லை, செவலையின் கூடப்பிறந்த அண்ணன்!

"தம்பி! உன்னை எங்கெல்லாம் தேடினேன் தெரியுமா? நம்ம கடலை இன்னும் வரையறியா?"

தடியப்பர் கண்ணை உருட்டினார். "யார் இது? உன் ஆளா? இன்னும் எத்தனை பேர் வருவீங்க?"

எல்லோரும் பார்க்கிறார்களே! செவலைக்கு உடம்பெல்லாம் கூசியது.

"எனக்குத் தெரியாது ஐயா! வேற யாரையோ தேடி வந்திருக்கார்!"

அடப்பாவி! சொந்த அண்ணனைப் பார்த்துச் சொல்கிற பேச்சா இது?

அண்ணன் தம்பியை ஏறிட்டுப் பார்த்தது. பிறகு தலைவரிடம், "ஆமாங்க ஐயா, ஆள் மாறிப்போச்சு. எனக்குக் கண் சரியா தெரியலை," என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தது.

செவலைக்குப் பட்டம் கிடைத்தது. ஆனால் மறுநாள் தாமரை வரைய உட்கார்ந்தால் கொடுக்கு ஓடவில்லை. ஆற்றங்கரை நெடுக ஓடி, "அண்ணே! அண்ணே!" என்று கத்திப் பார்த்தது. அண்ணனைக் காணவே காணோம்.

திரும்பி வந்து பாறையில் கடலை வரைந்தது. யார் என்ன சொல்வார்களோ என்று இந்தத் தடவை நினைக்கவே இல்லை. கரையில் ஒற்றைக் கொடுக்கோடு நிற்கும் ஒரு நண்டையும் வரைந்தது.

தவளைகள் கூடிவிட்டன.

"அடேயப்பா! இதுவல்லவா படம்!" என்றார் தடியப்பர். "நான் அன்னைக்குத் திட்டினதுக்காகவா இத்தனை நாள் இதை ஒளிச்சு வச்சே? அந்த ஒற்றைக் கொடுக்கு நண்டு யாரு?"

"எங்க அண்ணன். அன்னைக்குத் தெரியாதுன்னு சொன்னேனே, அவர்தான்."

தடியப்பர் மெதுவாகச் சொன்னார்: "விரட்டினதில் எனக்கும் பங்கு உண்டப்பா. அவரைக் கூட்டிட்டு வா. இங்கேயே இருக்கட்டும்."

"எங்கே போய்க் கூட்டிட்டு வருவேன் ஐயா?" என்று செவலை தலையைக் குனிந்துகொண்டது.

பிறந்த இடத்தையும் உடன்பிறந்தவரையும் வெட்கப்பட்டு மறைப்பவனால், பின்னால் எவ்வளவு புகழ் வந்தாலும் தலை நிமிர முடியாது.